நாடாளுமன்றமா, உச்ச நீதிமன்றமா: கடைசி வார்த்தை யாருடையது?

"நாடாளுமன்றம் ஒரு சட்டம் போடுகிறது, உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்கிறது. பிறகு அரசு இன்னொரு சட்டம் கொண்டுவந்து அந்தத் தீர்ப்பையே தாண்டிப் போய்விடுகிறது. அப்படியென்றால் இந்தியாவில் யார் மேலே, யார் கீழே? மூன்று தூண்கள் தனித்தனி என்று பள்ளியில் படித்தது நிஜம்தானா?" இதுதான் கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. இரண்டு அமைப்புகள் மோதும்போது கடைசி வார்த்தை யாருடையது என்பது ஒன்று. அதிகாரம் உண்மையிலேயே மூன்றாகப் பிரிந்துதான் இருக்கிறதா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குச் சட்டத்தில் ஓரளவு தெளிவான பதில் உண்டு. எனக்குக் கவலை தருவது இரண்டாவதுதான். நாடாளுமன்றத்துக்கும் நீதிமன்றத்துக்கும் இடையே உள்ள சுவரைப் பற்றி நாள்தோறும் பேசுகிறோம். நாடாளுமன்றத்துக்கும் அமைச்சரவைக்கும் இடையே இருக்க வேண்டிய சுவர் எவ்வளவு மெலிந்துவிட்டது என்பதைப் பேசுகிறவர்கள் குறைவு.

நான் உயர் நீதிமன்றத்தில் பெரும்பாலும் ரிட் மனுக்கள் நடத்தும் வழக்கறிஞன். அரசாணைகளையும் அறிவிக்கைகளையும் விதிகளையும் எதிர்த்து வாதாடுவதும், சில சமயம் அவற்றைக் காப்பாற்ற வாதாடுவதும் அன்றாட வேலை. அதனால் சட்டம் எங்கே உறுதியாக நிற்கிறது, எங்கே இன்னும் முடிவாகாமல் இருக்கிறது என்று பிரித்துச் சொல்லப் பார்க்கிறேன். எந்தக் கட்சி எந்த நோக்கத்தில் எதைச் செய்தது என்ற கணக்குக்குள் போகவில்லை. அதைச் சொல்லும் தகுதி என் தொழிலால் வந்துவிடாது.

முதலில் பள்ளிப் பாடத்தைச் சரிபார்த்துவிடலாம். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யக் கூடாது என்று அரசியல் சாசனத்தில் எந்தப் பிரிவும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. நெருங்கி வருவது 50ஆவது பிரிவு. அரசுப் பணிகளில் நீதித்துறையை நிர்வாகத்திலிருந்து பிரிக்க வேண்டும் என்கிறது அது. ஆனால் அது வழிகாட்டு நெறி மட்டுமே, அதை வைத்து நேரடியாக வழக்குப் போட முடியாது. மற்ற இடங்களில் சாசனம் தெரிந்தேதான் கலந்து வைத்திருக்கிறது. 53ஆவது பிரிவின்படி நிர்வாக அதிகாரம் குடியரசுத் தலைவரிடம் இருக்கிறது. 79ஆவது பிரிவில் அதே குடியரசுத் தலைவர் நாடாளுமன்றத்தின் ஓர் அங்கம். வெளியாள் ஒருவரை அமைச்சராக்கினால் ஆறு மாதத்துக்குள் அவர் ஏதாவது ஓர் அவைக்கு உறுப்பினராக வேண்டும், இல்லாவிட்டால் பதவி போய்விடும். அமெரிக்காவில் இது அப்படியே தலைகீழ். அங்கே காங்கிரஸ் எனப்படும் நாடாளுமன்றத்தின் உறுப்பினர் ஒருவர் அமைச்சராக வேண்டுமானால் உறுப்பினர் பதவியை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பாடப்புத்தகத்தில் வரும் மூன்று தூண் படம் பெரும்பாலும் அந்த நாட்டு ஏற்பாட்டுக்குத்தான் பொருந்தும். நாம் அமைச்சரவை முறையைப் பிரிட்டனிடமிருந்து எடுத்தோம். ஆனால் அங்கே நாடாளுமன்றம் போட்ட சட்டத்தை நீதிமன்றம் செல்லாது என்று அறிவிக்க முடியாது. இங்கே அடிப்படை உரிமைகளுக்கு முரணான சட்டம் செல்லாது என்று 13ஆவது பிரிவே சொல்லிவிடுகிறது. இரண்டு நாட்டு முறைகளும் ஒரே வீட்டில் குடியிருப்பதால்தான் இந்த உரசல் ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது.

இதை உச்ச நீதிமன்றம் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டது. 1955இல் வந்த ராம் ஜவாயா கபூர் வழக்கைச் சட்ட மாணவர்கள் எல்லோரும் படிப்பார்கள். விவகாரம் பள்ளிப் பாடப்புத்தகங்கள். பஞ்சாபில் தனியார் பதிப்பாளர்கள் புத்தகம் அச்சிட்டு, அரசின் ஒப்புதல் வாங்கி, பள்ளிகளுக்கு விற்றுவந்தார்கள். மாநில அரசு படிப்படியாக அந்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டது. அதற்கென்று சட்டம் எதுவும் போடவில்லை, அரசின் முடிவு மட்டும்தான். சட்டமே இல்லாமல் நிர்வாகம் எப்படி ஒரு வியாபாரத்தில் இறங்கலாம் என்று பதிப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். தலைமை நீதிபதி பி.கே. முகர்ஜியா தலைமையிலான அமர்வு மனுவைத் தள்ளுபடி செய்தது. அதிகாரப் பிரிவினையை நம் சாசனம் முழுக் கறாராக ஏற்கவில்லை, ஆனாலும் ஒவ்வொரு அமைப்பின் வேலையும் போதுமான அளவு பிரித்துக் காட்டப்பட்டிருக்கிறது என்றது தீர்ப்பு. சட்டம் இயற்றுவதையும் நீதி வழங்குவதையும் எடுத்துவிட்டால் எஞ்சி நிற்கிற எல்லாமே நிர்வாக அதிகாரம், யாருடைய உரிமையையும் பறிக்காதவரை ஒவ்வொரு வேலைக்கும் முன்கூட்டியே சட்டம் வேண்டியதில்லை என்றும் சொன்னது. மேலோட்டமாகப் பார்த்தால் சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் மூன்றில் மிகப் பெரிய அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய வழக்கு எனக்குத் தெரிந்து இல்லை. மற்ற இரண்டுக்கும் எல்லை உண்டு. நிர்வாகத்துக்கு மட்டும் 'மீதி எல்லாம்'.

சரி, கடைசி வார்த்தை யாருடையது? மூன்று அமைப்புகளுக்கும் கடைசி வார்த்தை உண்டு, ஆனால் வெவ்வேறு கேள்விகளில். நாட்டுக்கு எந்தக் கொள்கை வேண்டும் என்பதில் நாடாளுமன்றத்துக்கு. சாசனத்துக்கு என்ன பொருள், இந்தக் குறிப்பிட்ட வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பதில் நீதிமன்றத்துக்கு. சட்டத்தின் எல்லைக்குள் அதை எப்படி, எப்போது, எவ்வளவு பணத்தில் நடத்துவது என்பதில் நிர்வாகத்துக்கு. நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விவகாரத்தை எடுத்தால் இந்த மூன்றும் வரிசையாகக் கண்ணுக்குத் தெரியும். ஜல்லிக்கட்டைச் சொல்கிறேன். அதில் சட்டம் போட்டது மாநிலம் என்றாலும் மோதலின் உருவம் டெல்லியில் நடக்கும் மோதல்களின் அதே உருவம்தான்.

2011இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அறிவிக்கை மூலம், காட்சிக்குப் பழக்கவோ காட்டவோ கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையைச் சேர்த்தது. இது நிர்வாகத்தின் செயல், 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் கொடுத்த அதிகாரத்தில் செய்தது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டு அந்த மத்தியச் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்து, தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டு ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டத்தையும் செல்லாது என்றது. 2016 ஜனவரி 7 அன்று அதே அமைச்சகம் புதிய அறிவிக்கை வெளியிட்டு ஜல்லிக்கட்டுக்கு விலக்கு அளித்தது. ஐந்தே நாளில், ஜனவரி 12 அன்று, உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. ஏன் என்பதைக் கவனிக்க வேண்டும். சட்டத்தின் பொருள் இதுதான் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டபின், அந்தச் சட்டத்தின் கீழ் வெளியிடும் ஓர் அறிவிக்கையால் அதை மாற்றிவிட முடியுமா என்பதுதான் அங்கே நின்ற கேள்வி. 2017 ஜனவரியில் மெரினா போராட்டத்துக்குப் பின் நடந்தது வேறு. ஜனவரி 21 அன்று அவசரச் சட்டம், 23 அன்று சட்டமன்றத்தில் மசோதா, மாத முடிவில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல். விலங்கு வதைத் தடுப்பு, மத்திய அரசும் மாநிலமும் சட்டம் போடக்கூடிய பொதுப்பட்டியலில் இருப்பதால், மத்தியச் சட்டத்தையே தமிழ்நாட்டுக்கு மட்டும் திருத்திவிட்டார்கள். இப்போது நீதிமன்றம் 2014இல் எந்தச் சட்ட வரிகளை வைத்துத் தீர்ப்புச் சொன்னதோ அந்த வரிகளே மாறிவிட்டன. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு இந்தத் திருத்தம் செல்லும் என்றது. முன்பு சுட்டிக்காட்டிய குறை திருத்தத்தாலும் விதிகளாலும் நீங்கிவிட்டது, ஜல்லிக்கட்டு பண்பாட்டின் பகுதியா என்று ஆராய்வது சட்டமன்றத்தின் வேலை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

நீங்கள் கேட்ட 'தீர்ப்பைத் தாண்டிப் போவது' இப்படித்தான் நடக்கிறது. விதி இது: தீர்ப்பு எந்தச் சட்டத்தின் மேல் நிற்கிறதோ அந்தச் சட்டத்தை, தன் அதிகாரத்துக்குள் நின்று, முன்தேதியிட்டுக்கூட மாற்றலாம். தீர்ப்பை மட்டும் குறிவைத்து 'இது எங்களைக் கட்டுப்படுத்தாது' என்று சொல்ல முடியாது. வரி வழக்குகளில் முதல் வகை அடிக்கடி நடக்கும். வசூலித்த வரி செல்லாது என்று தீர்ப்பு வந்தால், குறையைச் சரிசெய்து பழைய வசூலை உறுதிப்படுத்தும் சட்டம் வரும், நீதிமன்றமும் பெரும்பாலும் ஏற்கும். இரண்டாவது வகைக்குக் காவிரியைச் சொல்லலாம். 1991 ஜூனில் நடுவர் மன்றம் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 205 டிஎம்சி விட வேண்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டது. அடுத்த மாதமே கர்நாடகம் அதைச் செயலிழக்கச் செய்ய ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். இரு தரப்புக்கு இடையே தந்த முடிவைச் சட்டம் போட்டு அழிப்பது, சட்டமன்றம் நீதிபதியின் நாற்காலியில் உட்காருவதாகும், அது செல்லாது என்று 1991 நவம்பரில் பதில் வந்தது. இந்த வேறுபாடு சட்டத்தில் உறுதியானது. ஒரு குறிப்பிட்ட சட்டம் இதில் எந்தப் பக்கம் விழும் என்பதுதான் ஒவ்வொரு தடவையும் சண்டை.

சாதாரணச் சட்டத்துக்குப் பதிலாகச் சாசனத் திருத்தமே கொண்டுவந்தால்? 1975இல் அதுவும் நடந்து பார்த்தாயிற்று. அந்த ஆண்டு ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் ரேபரேலியில் இந்திரா காந்தி பெற்ற வெற்றி செல்லாது என்றது. மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்தில் இருந்தபோதே, நெருக்கடி நிலைக்கு நடுவில், ஆகஸ்ட் மாதம் 39ஆவது திருத்தம் நிறைவேறியது. பிரதமர், மக்களவைத் தலைவர் ஆகியோரின் தேர்தலை நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்றது அது. ஏற்கெனவே வந்த தீர்ப்பும் செல்லாது, அந்தத் தேர்தல் செல்லும் என்று அது சேர்த்த 329A பிரிவின் நான்காம் உட்பிரிவு சொன்னது. நவம்பர் 7 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்த உட்பிரிவை ரத்து செய்தது. இரு தரப்புக்கு நடுவில் உள்ள தேர்தல் வழக்கு ஒன்றை, சாட்சியமும் சட்டமும் பாராமல் நாடாளுமன்றமே தீர்த்துக்கொள்வது சட்டம் இயற்றும் வேலையே ஆகாது என்பது பல நீதிபதிகளின் தீர்ப்புகளில் வரும் காரணம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. தேர்தல் சட்டத்தையும் நாடாளுமன்றம் முன்தேதியிட்டுத் திருத்தியிருந்தது. அந்தத் திருத்தத்தை நீதிமன்றம் ஏற்று, அதன்படி தேர்தல் செல்லும் என்றது. வழக்கைத் தானே தீர்த்துக்கொண்டது செல்லவில்லை, சட்டத்தை மாற்றியது சென்றது. ஒரே தீர்ப்புக்குள் அந்தக் கோடு இரண்டு பக்கமும் தெரிகிறது.

இந்தத் தைரியம் நீதிமன்றத்துக்கு வந்த இடம் 1973 ஏப்ரல் 24. கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகளில் 7 பேர், சாசனத்தின் எந்தப் பகுதியையும் நாடாளுமன்றம் திருத்தலாம், ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்க முடியாது என்றார்கள். அப்படி ஒரு வரம்பு உண்டு என்பது இன்று உறுதியான சட்டம். அதிகாரப் பிரிவினையும் நீதித்துறையின் சுதந்திரமும் அதற்குள் அடங்கும் என்பதும் உறுதி. அடிப்படைக் கட்டமைப்பில் வேறு என்னென்ன வரும் என்பதற்கு முழுப் பட்டியல் கிடையாது. வழக்கு வரவர நீதிபதிகள் சொல்கிறார்கள். 2014இல் 99ஆவது திருத்தம் இரு அவைகளிலும் ஓர் எதிர் வாக்குகூட இல்லாமல் நிறைவேறி, பாதிக்கு மேற்பட்ட மாநிலச் சட்டமன்றங்களும் ஏற்று, நீதிபதிகள் நியமன ஆணையத்தை உருவாக்கியது. 2015 அக்டோபர் 16 அன்று நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் அது ரத்தானது. நீதிபதிகளே நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் கொலீஜியம் திரும்பி வந்தது. சாசனத்தில் கொலீஜியம் என்று எதுவும் எழுதப்படவில்லை. 1993ஆம் ஆண்டுத் தீர்ப்பில் பிறந்தது அது. இந்த இடத்தில் என் சொந்தக் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: அரசு கையில் நியமனம் முழுவதும் போகக் கூடாது என்ற பயம் நியாயமானது, ஆனால் ஏன் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள், ஏன் இன்னொருவரை விட்டார்கள் என்று வெளியே தெரியாத ஒரு முறையை அதற்காக நிரந்தரமாக்கியது சரியில்லை. இதில் என்னோடு உடன்படாத வழக்கறிஞர்கள் நிறையப் பேர், அவர்களுடைய வாதமும் பலமானதுதான்.

இனி எனக்குக் கவலை தருகிற சுவருக்கு வருகிறேன். 75ஆவது பிரிவின்படி அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டுப் பொறுப்புள்ளது. அவை நம்பிக்கை இழந்தால் அரசு போக வேண்டும். இது வெறும் காகித அதிகாரம் இல்லை. 1990இல் வி.பி. சிங், 1997இல் தேவே கௌடா, 1999இல் வாஜ்பாய் என்று மூன்று பிரதமர்கள் மக்களவை வாக்கெடுப்பில் தோற்று விலகினார்கள். 1999 ஏப்ரல் 17 அன்று வித்தியாசம் ஒரே ஒரு வாக்கு, 269க்கு 270. ஆனால் ஒரு கட்சிக்கோ உறுதியான கூட்டணிக்கோ பெரும்பான்மை இருக்கும்போது இந்த அதிகாரம் ஏறக்குறைய உறங்கிவிடுகிறது. அதை இன்னும் ஆழமாக உறங்கவைத்தது 1985இல் 52ஆவது திருத்தம் கொண்டுவந்த கட்சித் தாவல் தடைச் சட்டம். விலைக்கு வாங்கிக் கட்சி மாற்றுவதைத் தடுக்க வந்த சட்டம் அது, அந்த நோக்கத்தில் குறை காண மாட்டேன். ஆனால் எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி போடும் கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால், வாக்களிக்காமல் இருந்தால்கூட, உறுப்பினர் பதவி போகும் என்று பத்தாவது அட்டவணை சொல்கிறது. அரசைக் கவிழ்க்கும் வாக்கெடுப்பு, சாதாரண மசோதா என்று அதன் வாசகம் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆளும் கட்சி உறுப்பினர் ஒருவர், இந்த மசோதாவில் ஏழாவது பிரிவு என் தொகுதி விவசாயிக்குக் கெடுதல் என்று உண்மையாகவே நினைத்தாலும், கொறடா உத்தரவு வந்துவிட்டால் அதை எதிர்த்து ஒரு வாக்குப் போட முடியாது. நிர்வாகத்தைக் கேள்வி கேட்க வேண்டிய சபை, நிர்வாகம் எழுதிக் கொடுத்ததை நிறைவேற்றும் சபையாக மாறுவது இங்கேதான். 1992இல் கிஹோட்டோ ஹொல்லோஹன் வழக்கில் இந்தச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தகுதி நீக்கம் பற்றிச் சபாநாயகர் எடுக்கும் முடிவை நீதிமன்றம் பரிசீலிக்கலாம் என்பது மட்டும் அதில் கிடைத்த ஆறுதல்.

நிர்வாகம் நேரடியாகவே சட்டம் போடும் வழிகளும் உண்டு. அவசரச் சட்டம் எல்லோருக்கும் தெரிந்தது. அவைகள் கூடாத நேரத்தில் அமைச்சரவையின் ஆலோசனைப்படி குடியரசுத் தலைவர் பிறப்பிப்பார். அவை மீண்டும் கூடி ஆறு வாரத்தில் அது காலாவதியாகிவிடும். பீகாரில் இதை எப்படி நடத்தினார்கள் என்று புனேயைச் சேர்ந்த பொருளாதாரப் பேராசிரியர் டி.சி. வாத்வா தோண்டி எடுத்தார். 1967 முதல் 1981 வரை 256 அவசரச் சட்டங்களைத் திரும்பத் திரும்பப் பிறப்பித்திருந்தார்கள். சில ஏறக்குறைய 14 ஆண்டுகள் சட்டமன்றத்தின் பக்கமே போகாமல் உயிரோடு இருந்தன. இது சாசனத்தின் மேல் செய்த மோசடி என்று 1986இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017இல் ஏழு நீதிபதிகள் அமர்வு அதை இன்னும் இறுக்கியது.

ஆனால் அவசரச் சட்டத்தைவிட அன்றாட வாழ்க்கையைத் தொடுவது விதிகள். நாடாளுமன்றம் போடும் சட்டத்தில் பல இடங்களில் 'விதிக்கப்படும் முறையில்' என்று மட்டும் இருக்கும். அந்த முறையை எழுதுவது அமைச்சகம். கட்டணம் எவ்வளவு, படிவத்தில் என்ன கேட்கலாம், எத்தனை நாளில் மனுப் போட வேண்டும், யார் அதிகாரி என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகிறது. வழக்குக்காக என்னிடம் வரும் கட்சிக்காரர்களில் பெரும்பாலோருக்கு வலி வந்த இடம் சட்டம் இல்லை, விதியோ அரசாணையோதான். ஒரு உதாரணத்தைக் கிட்டத்தில் பார்க்கலாம். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தகவல் ஆணையர்களின் பதவிக்காலம் ஐந்து ஆண்டுகள் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். அவர்களுடைய ஊதியமும் சட்டத்திலேயே இருந்தது. 2019இல் நாடாளுமன்றம் அந்த வரிகளை எடுத்துவிட்டு, இரண்டையும் மத்திய அரசு விதிகளில் நிர்ணயிக்கும் என்று மாற்றியது. அதே ஆண்டு வந்த விதிகளில் பதவிக்காலம் மூன்று ஆண்டுகள் ஆனது. அரசிடம் கேள்வி கேட்டால் பதில் வாங்கித் தர வேண்டிய ஆணையரின் நாற்காலிக் காலத்தை, அந்தக் கேள்விக்கு ஆளாகும் அரசே எழுதுகிறது. இங்கே நீதிமன்றம் எதையும் ரத்து செய்யவில்லை, அதிகாரச் சண்டை என்று பெரிய தலைப்புச் செய்திகளும் கிடையாது. அமைப்புகளுக்கு இடையிலான கோடு மட்டும் நகர்ந்துவிட்டது.

இதற்குப் பாதுகாப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். விதிகளை இரு அவைகளின் மேசையிலும் 30 நாட்கள் வைக்க வேண்டும், அவை விரும்பினால் திருத்தலாம், நீக்கலாம் என்று பெரும்பாலான சட்டங்கள் சொல்கின்றன. துணைச் சட்டங்களைப் பார்க்க இரு அவைகளுக்கும் தனிக் குழுவே இருக்கிறது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையை வைத்து அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேட்கும் பொதுக் கணக்குக் குழு, கேள்வி நேரம், துறைவாரி நிலைக்குழுக்கள் எல்லாம் உண்டு. குழுவின் கதவு மூடியிருக்கும்போது உறுப்பினர்கள் கட்சி வரியைத் தாண்டிப் பேசுவதும் உண்டு. கொறடா உத்தரவு அவை வாக்கெடுப்புக்குத்தானே. ஆனால் மசோதா குழுவுக்குப் போனால்தான் இந்த வேலை நடக்கும், ஒவ்வொரு மசோதாவும் குழுவுக்குப் போயாக வேண்டும் என்ற கட்டாயம் நம் நாடாளுமன்றத்தில் கிடையாது.

குடியரசுத் தலைவர் இந்த இடைவெளியை அடைப்பாரா என்று சிலர் கேட்பார்கள். ஓரளவுக்குத்தான். 1976இன் 42ஆவது திருத்தத்துக்குப் பின் அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் நடக்க வேண்டும் என்பது எழுத்திலேயே வந்துவிட்டது. 1978இல் 44ஆவது திருத்தம் ஒரு தடவை மறுபரிசீலனைக்கு அனுப்பும் உரிமையைக் கொடுத்தது. 1997இல் உத்தரப் பிரதேசத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி கோரிய பரிந்துரையை கே.ஆர். நாராயணன் திருப்பி அனுப்பினார், அமைச்சரவை அதைக் கைவிட்டது. 2006இல் ஆதாயப் பதவி மசோதாவை அப்துல் கலாம் திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் அதையே மீண்டும் நிறைவேற்றியது, அவர் கையெழுத்திட்டார். யோசிக்க வைக்கலாம், தடுக்க முடியாது.

நீதிமன்றமும் தன் எல்லையைத் தாண்டுகிறதா? தாண்டிய இடங்கள் உண்டு. ஆனால் ஒவ்வொன்றும் ஒரே ரகம் இல்லை. 1997இல் விசாகா வழக்கில் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான நெறிமுறைகளை நீதிமன்றமே எழுதி, சட்டம் வரும்வரை இதுவே சட்டம் என்றது. சட்டம் வந்தது 2013இல். 16 ஆண்டுகள் பெண்களுக்கு இருந்த ஒரே பிடிமானம் அந்தத் தீர்ப்பு, அதை வரம்பு மீறல் என்று சொல்ல எனக்கு மனம் வராது. 2023 மார்ச்சில் தேர்தல் ஆணையர்களைத் தேர்வு செய்ய பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி அடங்கிய குழு, நாடாளுமன்றம் சட்டம் போடும்வரை, என்று உத்தரவிட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரிலேயே சட்டம் வந்தது. தலைமை நீதிபதியின் இடத்தில் பிரதமர் நியமிக்கும் மத்திய அமைச்சர் உட்கார்ந்தார். 2025 ஏப்ரல் 8 அன்று இரண்டு நீதிபதிகள் தமிழ்நாடு ஆளுநர் கிடப்பில் போட்ட 10 மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று, முழு நீதி வழங்கத் தேவையான உத்தரவைப் போட உச்ச நீதிமன்றத்துக்கு அதிகாரம் தரும் 142ஆவது பிரிவைப் பயன்படுத்தி, தீர்ப்பளித்தார்கள். குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்க, நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள், ஆளுநருக்கு நீதிமன்றம் கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதுவதும் சாசனத்தில் இல்லை என்றார்கள். காரணம் சொல்லாமல் காலவரையின்றி வைத்திருந்தால் முடிவெடுக்கச் சொல்லி நீதிமன்றம் அளவோடு தலையிடலாம் என்ற வாசலை மட்டும் திறந்து வைத்தார்கள். எத்தனை நாள் என்றால் 'காலவரையின்றி' என்பது இனிமேல் வரும் வழக்குகளில்தான் தெரியும்.

இன்னும் முடிவாகாத இன்னொன்று பண மசோதா, அதாவது வரி, அரசின் செலவு போன்றவற்றை மட்டும் பற்றிய மசோதா. ஒரு மசோதா பண மசோதாவா என்று சபாநாயகர் சொல்வதே இறுதி என்கிறது 110ஆவது பிரிவு. அப்படிச் சொல்லிவிட்டால் மாநிலங்களவையால் அதைத் தடுக்க முடியாது. அந்த முடிவை நீதிமன்றம் எவ்வளவு தூரம் பரிசீலிக்கலாம் என்ற கேள்வியை 2019 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் பெரிய அமர்வுக்கு அனுப்பினார்கள். என் பார்வையில் நீதிபதிகள் நியமனத்தைவிட இது முக்கியமான கேள்வி. ஆளும் தரப்புக்குப் பெரும்பான்மை இல்லாத இரண்டாவது அவையைச் சுற்றிப் போக வழி இருக்கிறதா இல்லையா என்பதை இதுதான் முடிவு செய்யும்.

உங்களுக்கு நடைமுறையில் உதவக்கூடிய ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். ஒரு சட்டம் ரத்தானது என்று செய்தி வந்தால், எந்தக் காரணத்தால் என்று பாருங்கள். போட்ட அவைக்கு அந்தப் பொருளில் அதிகாரமே இல்லை என்றால், அதிகாரம் உள்ள அவைதான் இனிச் செய்ய முடியும். மத்தியச் சட்டத்தோடு முரண் என்றால் திருத்தி மீண்டும் கொண்டுவரலாம். அடிப்படை உரிமையை மீறுகிறது என்றால் மீறும் பகுதியை நீக்காமல் திரும்பக் கொண்டுவர முடியாது. அப்புறம், சட்டம் நிறைவேறிவிட்டது என்ற செய்தியோடு நின்றுவிடாதீர்கள், விதி எப்போது வருகிறது என்று பாருங்கள். 2023 ஆகஸ்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. வரைவு விதிகள் 2025 ஜனவரியில் வெளிவந்து, பொதுமக்கள் கருத்துச் சொல்லக் காலம் கொடுத்தார்கள். இறுதி விதிகள் அந்த ஆண்டு நவம்பரில் வந்தன. அப்படி வரைவு வெளியாகிற வாரங்களில் அமைச்சகத்துக்கு யார் வேண்டுமானாலும் ஆட்சேபணை எழுதலாம். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை, நீதிமன்றக் கட்டணம் கிடையாது. எந்த விதி எண், அதில் எந்தச் சொல், அது யாரை எப்படிப் பாதிக்கும், பதிலாக என்ன எழுத வேண்டும் என்று நான்கு வரிகள் தெளிவாக இருந்தால் போதும். அதன் நகலைக் கையில் வைத்திருங்கள். பிற்பாடு அந்த விதியை எதிர்த்து ரிட் மனுப் போட நேர்ந்தால், இந்த ஆட்சேபணை அரசின் முன் இருந்தும் பரிசீலிக்கவில்லை என்று வாதாட அது உதவும்.